சோற்றுப் பானைக்கு இன்னும் என்ன குறை?

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, பெரட்டுக்கு மணி அடிப்பதற்குள் சோறு வடித்துத் தூக்குச்சட்டியில் அடைத்துக்கொண்டு ஓடிய காலத்தை நம் பாட்டிமார்கள் இன்றும் கதையாகச் சொல்வார்கள். ஒரு கண் அடுப்பின் மேல், ஒரு கண் பிள்ளையின் மேல். பிள்ளையைத் தூக்கப் போனால் சோறு குழைந்துவிடும். சோற்றைக் கிளறப் போனால் பிள்ளை தணலில் கை வைக்கும். அப்படி இருந்த நம் வீடுகளில் இன்று ஓர் ஓரமாக, சத்தம் போடாமல் உட்கார்ந்து சோறாக்கித் தருகிறது ஒரு சாமான். அதுதான் ரைஸ் குக்கர்.

லயத்து வீடாக இருக்கட்டும், பட்டணத்துத் தாமான் வீடாக இருக்கட்டும், அடுக்குமாடியாக இருக்கட்டும், இது இல்லாத தமிழர் வீடு நம் நாட்டில் அபூர்வம். கல்யாணத்துக்கு மொய்யாக மூன்று குக்கர் வந்து, இரண்டைப் பெட்டி பிரிக்காமல் பரணில் போட்ட குடும்பங்களும் உண்டு. இவ்வளவு பழகிய ஒரு பொருளை நாம் என்றைக்காவது உற்றுப் பார்த்திருக்கிறோமா? "இது ஏன் இப்படிப் பொங்கி வழிகிறது? இதன் மூடி ஏன் இப்படி? கடைக்காரனிடம் சொன்னால் மாற்றித் தருவானா?" என்று முணுமுணுக்கிறோம். பிறகு துணியை எடுத்துத் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

தாய்மார்களே! அந்த முணுமுணுப்பு சாதாரணமானதல்ல. இந்தச் சாமான் உருவானதே ஒரு குடும்பத் தலைவியின் உழைப்பால்தான். அந்தக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்திலேயே ஜப்பானில் மின்சாரத்தில் சோறாக்கும் பாத்திரங்கள் கடைக்கு வந்துவிட்டன. ஆனால் அவை பெயருக்குத்தான் மின்சாரம். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வெந்ததும் நாமே அணைக்க வேண்டும். விறகு அடுப்புக்குப் பதில் மின் அடுப்பு, அவ்வளவே. பெண்ணின் தூக்கத்தை அது திருப்பித் தரவில்லை.

தோஷிபா நிறுவனம் தானாக அணைந்துகொள்ளும் பாத்திரம் ஒன்றைச் செய்ய விரும்பியது. அந்த வேலை தோக்கியோவில் சிறு பட்டறை வைத்திருந்த யோஷிதாதா மினாமி என்பவரிடம் வந்து சேர்ந்தது. அவர் மின்சாரத்தில் வெந்நீர் போடும் சாதனங்களைச் செய்து கொடுத்துவந்தவர். வெந்நீர் தெரியும், சோறு தெரியாது! சோறு தெரிந்தவர் அவருடைய மனைவி ஃபுமிகோ. ஆறு பிள்ளைகளுக்குத் தாய். வீட்டை அடமானம் வைத்துத்தான் ஆராய்ச்சிக்குப் பணம் புரட்டினார்கள்.

ஃபுமிகோ அம்மையார் செய்தது என்ன தெரியுமா? சோறாக்கினார். திரும்பத் திரும்பச் சோறாக்கினார். நாள் முழுவதும் ஆக்கி, எந்த நிமிடத்தில் எவ்வளவு சூடு இருக்கிறது என்று குறித்து வைத்தார். குளிர்கால இரவில் வெட்டவெளியில் வைத்து ஆக்கிப் பார்த்தார். கொளுத்தும் வெயிலில் வைத்தும் ஆக்கிப் பார்த்தார். சுமார் மூன்று ஆண்டுகள் இப்படியே போயின. பானை கொதி வந்த பிறகு 20 நிமிடம் அந்தச் சூடு தொடர்ந்தால் அரிசி பக்குவமாக வேகும் என்பது அவர்கள் கண்ட கணக்கு.

சரி, 20 நிமிடம் ஆனது பானைக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் அவர்களுடைய மூளையை மெச்ச வேண்டும். ஒரு பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்தார்கள். உள்ளே அரிசியும் தண்ணீரும். வெளிப் பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர் மட்டும். அந்த ஒரு கப் கொதித்து ஆவியாகிப் போக ஏறக்குறைய 20 நிமிடம் பிடிக்கும். தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீர் தீர்ந்ததும் சூடு சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில் இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்த பட்டை வளைந்து மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கடிகாரம் இல்லை, ஆள் இல்லை. ஒரு கப் தண்ணீரே கடிகாரம்! குளிர் நாளில் கணக்குத் தப்பாமல் இருக்கப் பாத்திரத்தைச் சுற்றிக் காற்று நிற்கும் இடைவெளியும் விட்டார்கள்.

1955ஆம் ஆண்டு டிசம்பரில் அந்தப் பானை கடைக்கு வந்தது. முதலில் செய்தவை 700 தாம். விலை 3,200 யென். அந்நாளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பட்டதாரியின் மாதச் சம்பளத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. சோறாக்குவதையும் இயந்திரத்திடம் விட்டுவிட்டால் பெண் சோம்பேறியாகிவிடுவாள் என்று நினைத்தவர்கள் அங்கேயும் இருந்தார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் மட்டுமா அப்படிப் பேசுவார்கள்! ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய வீடுகளில் ஏறக்குறைய பாதியில் அது புகுந்துவிட்டது. அந்த வெற்றியை நெடுங்காலம் இருந்து பார்க்க ஃபுமிகோ அம்மையாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. பானை கடைக்கு வந்த சில ஆண்டுகளிலேயே அவர் காலமானார். இன்று கோடிக்கணக்கான பெண்கள் விடியற்காலையில் அரை மணி கூடுதலாகத் தூங்குகிறார்கள் என்றால் அதில் அவர் விழித்த இரவுகள் அடங்கியிருக்கின்றன. பெட்டியின் மேல் கம்பெனிப் பெயர்தான் இருக்கிறது.

இன்னொரு சிறு கதை. 1960ஆம் ஆண்டு வாக்கில் நேஷனல் குக்கர் ஹாங்காங்குக்குப் போனது. அங்குள்ள சீனப் பெண்களுக்கு ஒரு பழக்கம். சோறு பாதி வெந்து தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துப் பன்றி இறைச்சிக் குழலை மேலே வைத்து, அந்த ஆவியிலேயே வேகவிடுவார்கள். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் ஆவி போய்விடும். ஆகவே அங்கிருந்த வியாபாரி மூடியில் ஒரு கண்ணாடிச் சன்னல் வேண்டும் என்று ஜப்பானுக்குச் சொல்லியனுப்பினார்; கம்பெனி வைத்துக் கொடுத்தது. நம் வீட்டுக் குக்கரின் மூடியில் கண்ணாடி இருக்கிறது அல்லவா? அதற்குப் பின்னால் ஹாங்காங் சமையலறையின் தேவை ஒன்று இருக்கிறது.

சீனப் பெண்ணுக்காகச் சன்னல் வைத்தார்கள். நம் வீட்டுப் பெண்ணுக்காக என்ன வைத்தார்கள்? இதுதான் என் கேள்வி.

குறைகளைப் பேசும் முன் இன்றைய குக்கர் வேலை செய்யும் விதத்தையும் தெரிந்துகொள்வோம். இப்போது இரட்டைப் பாத்திரம் இல்லை. குக்கரின் அடியில், சூடேறும் தட்டின் நடுவே, ஒரு ரூபாய்க் காசு போல வட்டமாக ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே போய்த் திரும்பும். அதற்குள் காந்தம் இருக்கிறது. நாம் நெம்பை அழுத்தும்போது காந்தம் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை ஓடவிடுகிறது. பானையில் தண்ணீர் உள்ளவரை அடிப்பாகம் 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். தண்ணீர் வற்றியதும் சூடு கொஞ்சம் ஏறும். அந்த இடத்தில் வைத்திருக்கும் தனிவகை உலோகக் கலவை ஏறக்குறைய 103 டிகிரியில் காந்தத்துக்கு ஒட்டும் குணத்தை இழந்துவிடும். வில்லுக்கம்பி தள்ளும், 'டக்' என்று நெம்பு மேலே வரும். அந்த 'டக்' சத்தம் கேட்டால்தான் நம் வீட்டுப் பிள்ளைகள் தட்டைத் தூக்குவார்கள்.

இதைத் தெரிந்துகொண்டால் பல தொல்லைகளுக்குக் காரணம் புரியும். பானையின் அடியில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தாலே போதும், பானை தட்டில் சரியாகப் படியாது. ஒன்று அடி பிடிக்கும், அல்லது அரைவேக்காட்டில் அணைந்துவிடும். பானையைக் கீழே போட்டு அடி நெளிந்தாலும் இதே கதி. கஞ்சி வைத்தால் குக்கர் அணையாததற்கும் இதுதான் காரணம். கஞ்சியில் தண்ணீர் வற்றுவதே இல்லை; அது எப்படி அணையும்? பொங்கி வழிந்து மேசையெல்லாம் நாறிப் போகும்.

இனி நம் குறைகளுக்கு வருவோம். நான் சந்தித்த தோட்டத்துப் பெண்களும் பட்டணத்துப் பெண்களும் சொன்னவற்றோடு என் ஆசைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் சொன்னது பொங்கி வழிவதைத்தான். அரிசியின் மாவுச்சத்து நுரையாக எழுந்து மூடியைத் தள்ளுகிறது. சாதாரண நெம்புக் குக்கரில் நெருப்பைக் குறைக்க வழி கிடையாது. முழு வேகம், இல்லாவிட்டால் அணைப்பு. விறகு அடுப்பில்கூடக் கொள்ளியை வெளியே இழுக்கலாமே! அரிசியை நன்றாகக் களைந்து, ஒரு சிறு கரண்டி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும் என்பது நாம் செய்துவரும் உபாயம். ஆனால் பானையின் விளிம்பை இன்னும் இரண்டு விரற்கடை உயர்த்தி, வழியும் கஞ்சி திரும்ப உள்ளேயே இறங்கும்படி கிண்ணம் போன்ற மூடியைப் போட்டால் என்ன? விலையுயர்ந்த குக்கர்களில் இப்படிச் சில ஏற்பாடுகள் இருக்கின்றன. நான் கேட்பது பாசார் மாலாமில் விற்கும் மலிவுக் குக்கருக்கு.

அடுத்தது அளவுக் கோடு. இது கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டிய விஷயம். பானையின் உட்புறம் 2, 4, 6 என்று கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு குக்கரோடு வரும் சின்னக் கப்புக்குத்தான் பொருந்தும். அது 180 மில்லி லிட்டர். ஜப்பானியரின் பழைய அரிசி அளவு. அந்தக் கப் முதல் மாதமே தொலைந்துவிடும் அல்லது குளிக்கும் வாளியில் மிதக்கும். பிறகு நாம் பால்டின் கப்பால் அளக்கிறோம், கோடு பொய்யாகிறது. கப் இருந்தாலும் கோடு வெள்ளைப் பச்சரிசிக்குப் போட்ட கோடு. சியாம் அரிசிக்கு ஒரு கப்புக்கு ஒன்றேகால், ஒன்றரைக் கப் தண்ணீர் போதும். நாம் விரும்பிச் சாப்பிடும் புழுங்கல் அரிசியோ இரண்டு, இரண்டரைக் கப் கேட்கும். கோட்டை நம்பிப் புழுங்கல் அரிசி வைத்த புதுப் பெண்ணுக்கு மாமியார் வீட்டில் என்ன பெயர் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை! ஒரு பக்கம் பச்சரிசிக் கோடு, மறு பக்கம் புழுங்கல் கோடு. இதற்குக் கம்பெனிக்காரனுக்கு என்ன செலவு? கோட்டை மையால் அச்சடிக்காமல் தகட்டிலேயே புடைப்பாக அடித்துவிட்டால், கண் மங்கிய பாட்டியும் விரலால் தடவி அளந்துகொள்வார். கப்பையும் ஒரு சங்கிலி போட்டுக் கைப்பிடியில் மாட்டிவிடலாம்.

மூன்றாவதாக, வடிப்பது. நம்மவர்களுக்குச் சோறு என்றால் வடித்த சோறு. குக்கர் வந்த பிறகு கஞ்சி சோற்றுக்குள்ளேயே வற்றிப் போகிறது. இதில் ருசி மட்டும் அல்ல, உடல்நலமும் சேர்ந்திருக்கிறது. 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் எடுத்த தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இனிப்பு நீர் வியாதி. இந்தியர்களிடம் அந்த விகிதம் இன்னும் அதிகம். ஒவ்வொரு லயத்திலும் ஒவ்வொரு மாடியிலும் கால் இழந்தவர் ஒருவரையாவது நாம் பார்த்திருக்கிறோம். இன்று சல்லடைக் கூடை வைத்துக் கஞ்சியைக் கீழே வடித்துவிடும் குக்கர்கள் 'சர்க்கரை குறைந்த சோறு' என்ற விளம்பரத்தோடு நல்ல விலைக்கு விற்கின்றன. வடித்தால் கொஞ்சம் மாவுச்சத்து போகும் என்பது உண்மை. ஆனால் அதை நம்பி இரண்டு அகப்பை கூடப் போட்டுக்கொண்டால் பலன் பூஜ்யம். தட்டில் விழும் அளவுதான் முக்கியம். சாதாரணக் குக்கருக்கே துளையிட்ட உள்கூடை ஒன்றைச் சல்லிசாகத் தனியே விற்றால் வடித்த சோறு பிரியர்களுக்கும் ஆயிற்று, அதே கூடையைக் கவிழ்த்து இட்டிலியோ புட்டோ அவிக்கவும் ஆயிற்று.

பானையின் கறுப்புப் பூச்சைப் பற்றிக் குறைப்படாதவர் இல்லை. எவர்சில்வர் கரண்டியால் ஒரு நாள் சுரண்டினால் போதும், கீறல் விழுந்து சில மாதங்களில் பூச்சு உரிந்துவிடும். குக்கரோடு வரும் பிளாஸ்டிக் அகப்பை கப் போன வழியே போயிருக்கும். மரக் கரண்டி நல்லது. அரிசியை அந்தப் பானையிலேயே தேய்த்துக் களையாமல் வேறு சட்டியில் களைந்து போடுவதும் நல்லது. ஆனால் வருஷக் கணக்கில் உழைக்கும் எவர்சில்வர் பானையை எல்லாக் குக்கருக்கும் மாற்றுப் பானையாக விற்கலாமே! அடி ஒட்டும் என்பார்கள். ஒட்டட்டும், தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் தேய்த்துக்கொள்கிறோம். நம் கைகள் தேய்க்காத சட்டியா?

மின்கம்பியைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். கம்பி மேசை விளிம்பில் தொங்கும். தவழும் பிள்ளை அதைப் பிடித்து இழுத்தால், கொதிக்கும் சோறும் கஞ்சியும் அதன் தலையில். காந்தத்தால் ஒட்டும் கம்பி என்று ஒரு வகை சில மின்கெண்டிகளில் உண்டு. இழுத்த உடனே கழன்று கீழே விழும், பாத்திரம் அசையாது. குக்கருக்கும் அதைக் கட்டாயமாக்கினால் எத்தனையோ பிஞ்சு முகங்கள் தப்பும். அதுவரை கம்பியைச் சுருட்டிப் பின்னால் தள்ளி வையுங்கள். சிரிம் முத்திரை இல்லாத குக்கரை மலிவு என்பதற்காக வாங்காதீர்கள்.

கம்பி என்றதும் பழுது பார்க்கும் கடையில் கேட்ட பேச்சு நினைவுக்கு வருகிறது.

"அண்ணே, எரிஞ்சுபோன ஃபியூசுக்குப் பதிலா ஒரு கம்பியைச் சுத்தி விடுங்கண்ணே. நாளைக்குக் காலையில சோறாக்கணும்."

"வேணாம் தங்கச்சி. அது பூசாரி மாதிரி. உள்ளே சாமி வெறி பிடிச்சா அடக்குறதுக்கு இருக்கு. அவரை விரட்டிட்டா வீடே எரியும். புது ஃபியூஸ் ரெண்டு வெள்ளிதான், மாட்டித் தாரேன்."

அந்த அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. காந்தப் பொத்தான் ஒரு நாள் வேலை செய்யாமல் போனால், சூடு எல்லை மீறும்போது அறுந்து காப்பாற்றுவது அந்தச் சிறு ஃபியூஸ்தான். ஆனால் அதைத் தேடக் குக்கரையே பிரிக்க வேண்டியிருக்கிறது. அடித் தகட்டில் ஒரு சின்னக் கதவு வைத்து, ஃபியூஸைச் சுலபமாக மாற்றும்படி செய்தால், கம்பி சுற்றும் ஆபத்தான வைத்தியத்துக்கு யாரும் போகமாட்டார்கள்.

'சூடு காக்கும்' மஞ்சள் விளக்கைப் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஒரு கணக்குப் போடுவோம். 700 வாட் குக்கர் அரை மணி நேரத்தில் சோறாக்கச் செலவிடுவது ஒரு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம். சூடு காக்க 40 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு வைத்துவிட்டுப் பகல் முழுவதும் பத்து மணி நேரம் விட்டால் 0.4 யூனிட். சோறாக்கிய செலவைவிட அதைச் சும்மா வைத்திருந்த செலவு அதிகம்! அதற்காகச் சூட்டை அணைத்துவிட்டுச் சோற்றை மாலை வரை அப்படியே மூடி வைப்பதும் ஆகாது. சமைத்த பிறகும் சாகாமல் இருக்கும் ஒரு கிருமி சோற்றில் உண்டு. வெதுவெதுப்பில் அது பெருகி விஷத்தைக் கக்கும். பிறகு சூடுபடுத்தினாலும் அந்த விஷம் போகாது. நன்றாகச் சூடாக வையுங்கள், இல்லாவிட்டால் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். குக்கரின் சுவரைத் தெர்மாஸ் புட்டி போல இரட்டைச் சுவராகச் செய்தால் மிகக் கொஞ்ச மின்சாரத்திலேயே சூடு நிற்கும். வேக வைத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று காட்ட, கடிகார முள் போல ஒரு வட்டமும் வேண்டும்.

புது மாதிரிக் குக்கர்கள் பத்துப் பொத்தான்களோடும் மின்னும் எண்களோடும் வருகின்றன. 1988 முதல் பானையே நேராகச் சூடேறும் வகையும் வந்துவிட்டது. சோறு அருமையாக வருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் என் ஓட்டு நெம்புக் குக்கருக்குத்தான். மழையிலும் இடியிலும் கரண்டு போய்ப் போய் வரும் இடங்களில் நெம்பு அழுத்தியபடியே இருக்கும். கரண்டு வந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடரும். சில மின்னணுக் குக்கர்களோ நீண்ட நேரம் கரண்டு போனால் செய்த வேலையை மறந்துவிட்டு விழிக்கும். எழுத்தும் ஆங்கிலத்தில், சீனத்தில். எந்தப் பொத்தான் கஞ்சி, எந்தப் பொத்தான் சோறு என்று பேரப்பிள்ளை பள்ளி விட்டு வந்து சொன்னால்தான் பாட்டிக்குத் தெரியும். எழுத்தே வேண்டாம், படம் போடட்டும்.

கடைசியாக, இருட்டோடு எழுந்து பால் மரம் சீவப் போகும் பெண்ணுக்காக ஓர் ஏற்பாடு. நேரம் குறித்துவைத்தால் தானே பற்றிக்கொள்ளும் குக்கர்கள் இப்போது உண்டு. ஆனால் இரவு ஒன்பது மணிக்கு அரிசியைத் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுத்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் விடிவதற்குள் அது புளித்த வாடை வீசும். ஜப்பான் குளிருக்கு அது சரி. நமக்கு வேண்டியது மூடியின் மேல் ஒரு தண்ணீர்த் தொட்டி. அரிசி களைந்து உலர்ந்தபடி கீழே இருக்கும். மூன்றரை மணிக்கு ஒரு சிறு கதவு திறந்து தண்ணீர் விழும். உடனே சூடும் ஏறும். நான்கு மணிக்கு 'டக்'. எழுந்து முகம் கழுவிச் சோற்றைத் தூக்குச்சட்டியில் அள்ளிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். இதைச் செய்ய ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம். தொழிற்பள்ளியில் படிக்கும் நம் பையன்களும் பெண்களும் ஒரு விடுமுறையில் செய்து பார்க்கக்கூடியதே. ஆனால் மின்சாரம் இணைக்கும் கட்டத்தில் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் குக்கரை மேசை நடுவில் வையுங்கள்; பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான்! அம்மா, பாட்டி, மருமகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி உட்காரட்டும். ஆளுக்கொரு குறை சொல்ல வேண்டும், அந்தக் குறைக்கு ஆளுக்கொரு வழியும் சொல்ல வேண்டும். "அதெல்லாம் நடக்காது" என்று யாரும் குறுக்கே பேசக்கூடாது. முக்கியமாக வீட்டு ஆண்கள். பிள்ளைகளில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும், படமும் வரையட்டும். முதல் குறையைப் பாட்டியைக் கேட்டுத் தொடங்குங்கள். நாற்பது ஆண்டு விறகு அடுப்பில் சோறாக்கியவருக்குத்தான் இந்தப் பானை எதை மறந்துவிட்டது என்று தெரியும்.